விழுங்குவதா, வெயிலில் நிற்பதா, பூசுவதா? சொரியாசிஸுக்கு வைட்டமின் டி

சொரியாசிஸ் என்னும் செதில் படரும் தோல் நோய் என்று தெரிந்த நாளிலிருந்து வைட்டமின் டி பற்றிய யோசனைகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வாரம் ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்பார் ஒருவர். காலை வெயிலில் நின்றால் போதும் என்பார் இன்னொருவர். தோல் மருத்துவர் ஒரு களிம்பை எழுதிக் கொடுப்பார்; அதுவும் வைட்டமின் டி-யின் வழி வந்த மருந்துதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எல்லாம் ஒன்றுதானே, வசதிப்பட்டதைச் செய்தால் ஆயிற்று என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உடம்புக்குள் போகும் வழி மாறினால் தோலுக்குக் கிடைக்கும் பலனும் வெகுவாக மாறிவிடுகிறது.

மாத்திரை, வெயில், களிம்பு மூன்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது களிம்பில் நிலைத்துவிட்டேன். ஆகவே இந்த அலசல் களிம்பின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். சாய்வுக்குக் காரணம் எது வேகமாகக் குணப்படுத்துகிறது என்பது இல்லை. தோல் தெளிந்த பிறகு அந்தத் தெளிவை ஆண்டுக்கணக்கில் எதைக் கொண்டு காப்பாற்ற முடியும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் என் நிலைமை. நான் பள்ளி ஆசிரியை. இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இடுப்பின் பின்பக்கம் ஆகிய இடங்களில் தடித்த திட்டுகள். மேலே வெள்ளிச் செதில். புத்தகப் படங்களில் இந்தத் திட்டுகள் ரத்தச் சிவப்பாக இருக்கும். நம் நிறத்தில் அவை கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோதான் தெரியும். விரல்களோடு சேர்த்து ஓர் உள்ளங்கை என்பது உடற்பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம் என்று மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். என் திட்டுகளை எல்லாம் ஒன்றுசேர்த்தால் நான்கு உள்ளங்கை தேறும். 10 உள்ளங்கைக்கு மேல் பரவியவர்களுக்குப் பெரும்பாலும் களிம்பு மட்டும் போதாது. ஒளி சிகிச்சை, நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், ஊசி வழி உயிரியல் மருந்துகள் என்று அவர்கள் பாதை வேறு. இங்கே நான் எழுதுவது என்னைப்போல் சிறிய பரப்பில் நோய் உள்ளவர்களுக்காக.

தோலுக்கு வைட்டமின் டி எதற்கு?

வைட்டமின் டி என்றதும் எலும்பு நினைவுக்கு வருகிறது. அது பிறக்கும் இடம் தோல். மேல்தோலில் உள்ள 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருளின் மீது 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா பி கதிர் பட்டால் வைட்டமின் டி3 உருவாகிறது. அது கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றமும் அடைந்து, கால்சிட்ரியால் என்ற செயல்படும் வடிவத்துக்கு வருகிறது. வகுப்பில் இதுவரைதான் சொல்லித் தருகிறோம். இதற்கு மேல் ஒன்று உண்டு. கெரட்டினோசைட் எனப்படும் தோல் செல்கள் இந்த இரண்டு மாற்றங்களையும் தாங்களே செய்துகொள்ளக்கூடியவை. அங்கேயே உண்டாக்கி அங்கேயே செலவழித்துவிடுகின்றன.

எதற்காகச் செலவழிக்கின்றன? ஒன்று, செல்களின் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைத்து அவற்றை முறையாக முதிரச் செய்ய. நல்ல தோலில் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். சொரியாசிஸ் திட்டில் அது சில நாள்களில் நடந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காகச் சேருவதுதான் நாம் பார்க்கும் செதில்.

இரண்டாவது, காவல். தோலில் காயம் பட்டாலோ கிருமி நுழைந்தாலோ, அங்குள்ள செல்கள் கால்சிட்ரியால் உற்பத்தியைக் கூட்டுகின்றன. அதன் உத்தரவில் கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதம் சுரக்கிறது. இதைப் படித்துவிட்டுத்தான் ‘வைட்டமின் டி நோய் எதிர்ப்பைக் கூட்டும், ஆகவே தோல் நோய்க்கு நல்லது’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சொரியாசிஸுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. நம் திட்டுகளில் கேத்தலிசிடின் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. சிதைந்த செல்களிலிருந்து வெளிவரும் மரபுப்பொருளோடு அது பிணைந்து, நோய் எதிர்ப்பு செல்களைத் தவறாக உசுப்பிவிடுகிறது என்று 2007-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நமக்கு வேண்டியது கூட்டுவது இல்லை, அமைதிப்படுத்துவது. கால்சிட்ரியாலுக்கு அந்த முகமும் உண்டு. இன்டர்லூக்கின்-17, இன்டர்லூக்கின்-23 ஆகிய அழற்சித் தூதுப்பொருள்களின் கொட்டத்தை அது தணிக்கிறது. சொரியாசிஸை நடத்துகிற முக்கியப் புள்ளிகள் இந்த இரண்டும்தான். விலை உயர்ந்த உயிரியல் ஊசிகள் பலவும் குறிவைப்பது இவற்றைத்தான்.

ஆக, கேள்வி இப்படித் திரும்புகிறது: இந்த அமைதிப்படுத்தும் வேலைக்குப் போதுமான அளவு மருந்தைத் திட்டு இருக்கும் இடத்துக்கு எந்த வழி கொண்டுபோய்ச் சேர்க்கிறது?

மாத்திரை

வாய்வழி மருந்துக்கு மரியாதைக்குரிய ஒரு வரலாறு உண்டு. 1985-இல் ஜப்பானின் ஒசாகாவில் மோரிமோட்டோ, குமஹாரா என்ற இரு மருத்துவர்கள், எலும்பு மெலிவுக்காக வைட்டமின் டி வகை மருந்தை வாய்வழியாக எடுத்துக்கொண்ட நோயாளி ஒருவரின் சொரியாசிஸ் மறைந்துபோனதைப் பதிவு செய்தார்கள். இன்றைய களிம்புக்கும் விதை அதுதான். ஆனால் அவர் எடுத்தது கடைகளில் கிடைக்கும் சாதாரண டி3 இல்லை. செயல்படும் வடிவத்துக்கு ஒரு படி முன்னால் நிற்கும் மருந்து. அதைத் தோல் தெளியும் அளவுக்குக் கொடுக்கப் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகக் கல் வரும். அதனால் அந்த வழி வழக்கத்தில் நிலைக்கவில்லை.

சாதாரண டி3 எப்படி? நார்வேயின் டிரோம்சோ நகரில், ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்த 122 சொரியாசிஸ் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குக் குளிர்காலத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் 1,00,000 யூனிட், பிறகு நான்கு மாதம் வாரத்துக்கு 20,000 யூனிட். 2023-இல் முடிவு வந்தது. ரத்த அளவு உயர்ந்தது. நோயின் தீவிரத்தில் வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட எந்த வேறுபாடும் இல்லை. சூரியனே எட்டிப்பார்க்காத ஊரில், குறைபாடு உள்ளவர்களிடமே பலன் காட்டவில்லை என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். ஏரி நிறைந்திருந்தாலும் மதகு திறக்கும் அளவுதான் வாய்க்காலுக்கு வரும். மாத்திரையால் ரத்தத்தில் சேர்ந்து நிற்கும் இருப்பு வடிவம் எவ்வளவு உயர்ந்தாலும், செயல்படும் வடிவத்தின் அளவை உடம்பு இறுக்கமாகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. கால்சியத்தின் அளவு அதை நம்பியிருப்பதால் அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த வைட்டல் ஆய்வின் ஒரு பகுதி 2022-இல் வெளியானது. தினம் 2,000 யூனிட் டி3 எடுத்தவர்களுக்குத் தன்னுடல் தாக்கு நோய்கள் புதிதாக வருவது 22 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அது எல்லா வகை நோய்களையும் சேர்த்த கணக்கு, 50 வயது தாண்டியவர்களிடம் எடுத்த கணக்கு, வருமுன் காப்பது பற்றிய கணக்கு. வந்துவிட்ட திட்டைக் கரைப்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

பிரேசிலில் தொடங்கிய மிகை அளவு முறையைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. தினம் 35,000 யூனிட் வீதம் ஆறு மாதம் 9 சொரியாசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்து முன்னேற்றம் கண்டதாக 2013-இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்துக் குழு அதில் இல்லை. பால் பொருள்களை விலக்கி, தண்ணீர் அதிகம் குடித்து, கால்சியத்தைப் பரிசோதித்துக்கொண்டே போக வேண்டிய முறை அது. வீட்டில் தானாகச் செய்து பார்க்கும் காரியமே இல்லை. மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் பெரியவர்கள் தாண்டக் கூடாத உச்ச வரம்பு தினம் 4,000 யூனிட்.

எனக்கும் ரத்தப் பரிசோதனையில் குறைவாகத்தான் இருந்தது. நம் ஊரில் வழக்கமான 60,000 யூனிட் வாராந்திர மாத்திரையை மருத்துவர் சொன்னபடி எடுத்து முடித்தேன். கால் உளைச்சலும் அசதியும் குறைந்தன. முழங்கையில் ஒரு செதில்கூடக் குறையவில்லை. ஒருத்தியின் அனுபவம் சான்றாகாது; மேலே சொன்ன ஆய்வோடு அது ஒத்துப்போகிறது என்பதால் சொல்கிறேன். குறைபாடு இருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் மாத்திரையைக் கட்டாயம் எடுங்கள். திட்டுக்காக அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வெயிலும் ஒளிப்பெட்டியும்

வெயில் சொரியாசிஸுக்கு நல்லது என்பது உண்மை. கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாக்கடல் கரைக்கு இதற்காகவே நோயாளிகள் போய்த் தங்குகிறார்கள். அங்கே வெயில் கூடுதல் காற்று மண்டலத்தைக் கடந்து வருவதால், தோலைச் சுடும் கதிர்கள் ஓரளவு வடிகட்டப்பட்டு இறங்குகின்றன.

நம் ஊரில் சிக்கல் நேரத்தில் இருக்கிறது. “காலையில் ஏழு மணி வெயிலில் நில்லம்மா, உடம்புக்கு நல்லது” என்று என் மாமியார் அக்கறையோடு சொல்வார். அந்த இளவெயிலில் புற ஊதா பி மிகக் குறைவு. சென்னையின் அட்சரேகையை ஒட்டியே இருக்கும் திருப்பதியில் நடந்த ஆய்வில், வைட்டமின் டி உருவாவது காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில்தான் உச்சத்தில் இருந்தது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இல்லவே இல்லை. கருமையான தோலில் மெலனின் அதை இடையிலேயே உறிஞ்சிக்கொள்வதால் வெளுத்த தோலைவிட அதிக நேரம் தேவைப்படும். சித்திரை வெயிலில் நடுப்பகலில் முழங்காலைக் காட்டிக்கொண்டு நிற்க வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணால் முடியும்? விடுமுறையில் மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரத்தை நீட்டிப் பார்த்தேன். முழங்கையில் செதில் மெலிந்தது. பள்ளி திறந்ததும் பழையபடி ஆயிற்று. வெயிலில் தோல் வெந்துபோனால் வெந்த இடத்திலேயே புதுத் திட்டு கிளம்பும் என்ற ஆபத்தும் இருக்கிறது. கீறல், சிராய்ப்பு, தீக்காயம் எல்லாவற்றுக்கும் சொரியாசிஸில் இந்தக் குணம் உண்டு.

மருத்துவமனை ஒளிப்பெட்டி இதைவிட ஒழுங்கான வழி. 311 நானோமீட்டர் என்ற குறுகிய அலைநீளத்தை மட்டும் அளந்து கொடுப்பார்கள். பரவலான நோய்க்கு நல்ல பலன் உண்டு, கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். இதில் வைட்டமின் டி-யும் கூடவே உயர்கிறது என்றாலும், திட்டைக் கரைப்பது பெரும்பாலும் வேறு வழியில்: தோலில் குவிந்து கிடக்கும் வெள்ளணுக்களை ஒளி நேரடியாக மடியச் செய்கிறது. நான் அந்தப் பெட்டிக்குள் நின்றதில்லை. எனவே அனுபவமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வாரம் மூன்று முறை, பல வாரங்களுக்கு, மருத்துவமனை திறந்திருக்கும் நேரத்தில் போக வேண்டும் என்றதும் வேலைநாளைப் பார்த்து நான் பின்வாங்கினேன். பெட்டி இருக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வசிப்பவர்களின் முடிவு வேறாக இருக்கலாம்.

களிம்பு

கால்சிபோட்ரியால். தோல் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அந்த வைட்டமின் டி வழி மருந்து இதுதான்; டென்மார்க்கின் லியோ நிறுவனம் உருவாக்கியது. களிம்பின் ஒவ்வொரு கிராமிலும் 50 மைக்ரோகிராம், அதாவது 0.005 சதவீதம். தோல் செல்லில் உள்ள வைட்டமின் டி ஏற்பியில் கால்சிட்ரியால் எவ்வளவு உறுதியாக அமருகிறதோ, ஏறக்குறைய அதே உறுதியோடு இதுவும் அமர்கிறது. ஆனால் ரத்தத்தில் கலந்ததும் கல்லீரல் இதை விரைவாக உடைத்துவிடும். கால்சியத்தின் மீது இதன் தாக்கம் கால்சிட்ரியாலைவிட 100 முதல் 200 மடங்கு குறைவு. மாத்திரை எங்கே தடுக்கி நின்றதோ அந்த இடத்தைக் களிம்பு தாண்டிப் போவது இதனால்தான். திட்டின் மீது மருந்தைக் குவிக்கலாம், ரத்தத்துக்கு அந்தச் சுமை போகாது. வாரத்துக்கு 100 கிராமுக்கு மேல் பெரியவர்கள் பூசக் கூடாது என்ற வரம்பு மட்டும் உண்டு. சிறிய பரப்பு உள்ளவர்கள் அதன் பக்கத்தில்கூடப் போகமாட்டார்கள். கால்சியம் கோளாறு உள்ளவர்களும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்.

1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 345 நோயாளிகள். ஒவ்வொருவரின் உடலிலும் ஒரு பக்கம் கால்சிபோட்ரியால், மறு பக்கம் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. எது எந்தப் பக்கம் என்று பூசுகிறவருக்கும் தெரியாது, பார்க்கிற மருத்துவருக்கும் தெரியாது. ஆறு வாரத்தில் தீவிர மதிப்பெண் கால்சிபோட்ரியால் பக்கத்தில் ஏறக்குறைய 69 சதவீதமும், ஸ்டீராய்டு பக்கத்தில் 61 சதவீதமும் குறைந்தது. எரிச்சல் கால்சிபோட்ரியால் பக்கத்தில் அதிகம்.

எரிச்சல் உண்மையானது. எனக்கு இடுப்பின் பின்பக்கம் முதல் சில வாரங்கள் காந்தியது. முதலில் தினம் ஒரு வேளை மட்டும் பூசி, பிறகு இரு வேளை ஆக்கிக்கொண்டதில் அடங்கிவிட்டது. முகத்திலும் அக்குள், தொடையிடுக்கு போன்ற மடிப்புகளிலும் இதைப் பூசக் கூடாது. பூசி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் கண்ணையும் கன்னத்தையும் தொட்டால் அங்கே சிவந்து எரியும்.

பூசும் முறையில் பலர் கவனிக்காத ஒன்று: முழங்கையை நீட்டி வைத்துப் பூசினால் சுருக்கங்களுக்குள் மருந்து போகாது. மடக்கி, தோலை இழுபட விட்டு, மேலிருந்து கீழாக மெல்லத் தேய்க்க வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். தடிமனாக அப்புவதால் பலன் கூடாது, புடவைதான் பாழாகும்.

இன்னொன்று மிக முக்கியம். செதிலை உதிர்க்கும் சாலிசிலிக் அமிலம் கால்சிபோட்ரியாலைச் செயலிழக்கச் செய்துவிடும். நம் மருந்துக் கடைகளில் சாலிசிலிக் அமிலம் கலந்த ஸ்டீராய்டு களிம்புகள் ஏராளம். காலையில் அது, அதன் மேலேயே இது என்று பூசினால் விலை உயர்ந்த களிம்பு வீண். செதில் தடிப்பாக இருந்தால் முந்தின இரவு தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் வெந்நீரில் ஊறவிட்டுக் குளித்து, துடைத்த பிறகு களிம்பு பூசுவது என் வழக்கம். பெட்டியில் 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். நம் கோடைக்கு இது லேசான கட்டளை இல்லை. சமையலறைக்கும் மேற்குச் சுவருக்கும் தள்ளி, தரையை ஒட்டிய அலமாரியில் வைக்கிறேன்.

பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும், முழுப் பலனுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம். முதலில் செதில் போகும். பிறகு தடிப்பு இறங்கும். நிறம் கடைசியில்தான் மாறும். நம் தோலில் திட்டு இருந்த இடம் மாதக்கணக்கில் கருத்தோ வெளுத்தோ கிடக்கும். அதைப் பார்த்து நோய் போகவில்லை என்று கலங்கிவிடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள தோலோடு சமமாக வழுவழுப்பாக இருந்தால் அந்தத் திட்டு அடங்கிவிட்டது.

அடங்கிய பிறகுதான் உண்மையான போட்டி

வேகத்தில் ஸ்டீராய்டுதான் முன்னால் நிற்கும். கிளோபெட்டசால் என்ற கடும் ஸ்டீராய்டைப் பூசினால் சில நாள்களில் அரிப்பு நின்றுவிடும். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும், பத்து நாள் இருக்கிறது என்றால் கால்சிபோட்ரியால் உதவாது. விலையும் ஸ்டீராய்டுக்குப் பலமடங்கு குறைவு. மருந்துக் கடைக்காரர் என்னிடமே கேட்டிருக்கிறார்: “டீச்சர், இதற்கு இவ்வளவு செலவழிக்கிறீர்களே, இதைவிடச் சீக்கிரம் கேட்கிற களிம்பு இருக்கிறது, தரட்டுமா?” அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

ஆனால் சொரியாசிஸ் தீர்ந்துபோகிற நோய் இல்லை, அடங்கி அடங்கி எழும் நோய். அப்படியானால் எந்த மருந்தோடு பத்து ஆண்டு வாழ முடியும்? கிளோபெட்டசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பூசக் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் தோல் காகிதம்போல் மெலியும், ரத்த நாளங்கள் தெரியும், பிரசவக் கோடுகள் போன்ற தழும்புகள் விழும், அவை மறைவதில்லை. திடீரென்று நிறுத்தினால் திட்டு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்புகள் விற்கப்பட்டு எத்தனையோ முகங்கள் கெட்டுப்போன பிறகு, 2018-இல் இந்திய அரசு அவற்றைச் சீட்டு கட்டாயமான எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. இன்றும் கடையில் கேட்டால் கிடைத்துவிடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கால்சிபோட்ரியால் தோலை மெலியச் செய்வதில்லை. மாதக்கணக்கில் தொடரலாம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு குணம்தான்.

என்றாலும் ஸ்டீராய்டை எதிரியாக்கி ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தால் நன்றாக வேலை செய்கின்றன. கால்சிபோட்ரியாலின் எரிச்சலை ஸ்டீராய்டு குறைக்கிறது, ஸ்டீராய்டு பூசும் நாள்களைக் கால்சிபோட்ரியால் குறைக்கிறது. 1998-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் அடங்கியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். இரு சாராருக்கும் வார இறுதியில் மட்டும் கடும் ஸ்டீராய்டு. வார நாள்களில் ஒரு சாராருக்குக் கால்சிபோட்ரியால், மறு சாராருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது தெளிவு நிலைத்திருந்தது முதல் சாராரில் 76 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 40 சதவீதம் பேருக்கு. அடுத்து, 2021-இல் வெளியான ஓராண்டு ஆய்வு. கால்சிபோட்ரியாலும் பீட்டாமெத்தசோனும் கலந்த நுரை மருந்தை, தெளிந்த தோலின் மீது வாரம் இருமுறை முன்கூட்டியே பூசி வந்தவர்களுக்கு முதல் மறுதாக்கம் வர நடு மதிப்பில் 56 நாள் ஆயிற்று. வந்த பிறகு பூசிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு 30 நாள்.

என் மருத்துவர் வகுத்துக் கொடுத்த முறையும் இதை ஒட்டியதுதான். திட்டு எழுந்தால் இரண்டு வாரம் இரண்டும் கலந்த களிம்பு. அடங்கியதும் வார நாள்களில் கால்சிபோட்ரியால் மட்டும். சனி, ஞாயிறு தேவைப்பட்டால் ஸ்டீராய்டு. நெடுநாள் தெளிந்திருக்கும் இடத்துக்கு வாரம் இருமுறை. அவர் சொன்ன ஒரு வாக்கியம் என் மனத்தில் தங்கிவிட்டது: “அம்மா, வெறும் தோலில் பூசுகிறோமே என்று நினைக்காதீர்கள், அந்த இடத்துக்கு நோய் நினைவிருக்கிறது.” அது அலங்காரப் பேச்சு இல்லை. அடங்கிய திட்டுக்குள் நினைவு வெள்ளணுக்கள் தங்கியிருப்பதாலேயே அதே இடத்தில் மறுபடி மறுபடி கிளம்புகிறது.

செலவுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். நான்கு உள்ளங்கைப் பரப்புக்கு ஒரு வேளைக்கு 1 கிராம், இருவேளைக்கு 2 கிராம். 30 கிராம் குழாய் 15 நாள் வரும். மாதச் சம்பளக்காரருக்கே இது கனமான செலவு. ஆனால் இந்தக் கணக்கு தொடக்க காலத்துக்குத்தான். வாரம் இருமுறை என்ற நிலைக்கு வந்தால் அதே பரப்புக்கு வாரம் 2 கிராம். ஒரு குழாய் மூன்று மாதத்துக்கு மேல் நீளும். ஆரம்பச் செலவைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துவதுதான் நஷ்டம்.

வெட்பாலைத் தைலம் பற்றிக் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் சொரியாசிஸ் உள்ள வீடுகளில் அந்த ஊதா நிற எண்ணெய் இல்லாத வீடு குறைவு. நானும் தலையில் தேய்க்கிறேன். செதில் இளகுகிறது, அரிப்புக்கு இதமாக இருக்கிறது. அதை மட்டுமே தனியாகப் பயன்படுத்தியது இல்லை என்பதால் களிம்போடு ஒப்பிட மாட்டேன்.

கரப்பானுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்

மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்க் குழந்தையின் கரப்பானுக்கு (எக்சிமா) பொருத்திவிடாதீர்கள். கரப்பான் தோலில் கேத்தலிசிடின் போதுமான அளவு எழும்புவதில்லை. தோல் வெடித்து எளிதில் கிருமி பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே அமைதிப்படுத்துவதோடு காவலையும் பலப்படுத்த வேண்டியிருக்கிறது. மங்கோலியாவின் உலான்பாத்தரில் குளிர்காலத்தில் கரப்பான் முற்றும் 107 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு ஒரு மாதம் தினம் 1,000 யூனிட் டி3 கொடுத்தபோது, வெற்று மருந்து எடுத்தவர்களைவிட நல்ல முன்னேற்றம் கிடைத்தது. 2014-இல் வந்த முடிவு. கடுங்குளிர் நாட்டுக் குழந்தைகளின் பலன் நம் ஊர்க் குழந்தைகளுக்கு அதே அளவில் கிடைக்கும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் குறைபாடு இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

கால்சிபோட்ரியால் களிம்போ அங்கே ஆகாது. எலிகளின் காதில் அதைப் பூசியே ஆய்வுக்கூடங்களில் கரப்பான் போன்ற அழற்சியை வரவழைக்கிறார்கள். 2006-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வாளர்கள் காட்டிய வழி அது. ஒரு நோயைத் தணிக்கும் அதே மூலக்கூறு இன்னொன்றைத் தூண்டக்கூடும். வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த குழாயை ‘அதுவும் அரிப்புதானே’ என்று இன்னொருவருக்குப் பூசிவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கடைசியாக ஒன்று, களிம்பு எட்டாத இடத்தைப் பற்றி. சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரைக்கும் மூட்டு வாதம் வரலாம். காலையில் எழும்போது விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ, ஒரு விரல் முழுவதும் வீங்கினாலோ, குதிகால் வலித்தாலோ, நகங்களில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள் தெரிந்தாலோ, தோல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மூட்டு வாத மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மூட்டு ஒருமுறை சிதைந்தால் எந்த மருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.